என் பூட்டு, என் சாவி

காரைக்குடியில் வயரிங் வேலை பார்த்தபோது எனக்கு அதிகம் கிடைத்தவை பழைய செட்டிநாட்டு வீடுகள்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில் உளி வைக்க விடமாட்டார்கள். கட்டையடித்து அதன்மேல்தான் வயர் ஓடும். "பாத்துத் தம்பி, சுவரு" என்று ஆச்சி கூடவே நிற்பார். மெயினை அணைத்துவிட்டு மாடியேறினால், யாரும் போட்டுவிடாமல் இருக்க ஒரு பையனை அங்கே காவல் வைப்போம். எங்கள் உயிர் அவன் கவனத்தில் இருந்தது.

சிங்கப்பூர் துறைமுகத்தில் எனக்கு ரீஃபர் யார்டில் வேலை. குளிர்சாதனக் கன்டெய்னர்கள் அடுக்கடுக்காக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பேஸ், 400 வோல்ட், 32 ஆம்பியர் சாக்கெட். உறைந்த இறைச்சிக்குப் பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரி, வாழைப்பழத்துக்கு 13 டிகிரி அளவில். கரண்ட் நெடுநேரம் நின்றால் சரக்கு போச்சு.

ஆனாலும் சாக்கெட்டில் பழுது என்றால் யாரும் பறப்பதில்லை. பிரேக்கரை அணைத்து, என் பூட்டை மாட்டி, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அப்புறம் டெஸ்டர். முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பழுதான சாக்கெட்டில் மூன்று பேஸும். முடிந்ததும் மறுபடி கரண்ட் உள்ள இடத்தில். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால்? அதற்காகத்தான். இரண்டு பேர் வேலை பார்த்தால் இரண்டு பூட்டு தொங்கும்.

எவ்வளவு பெரிய அதிகாரி நின்று அவசரப்படுத்தினாலும் என் பூட்டை நான்தான் திறக்க வேண்டும். ஊரும் ஆளும் பிடிபடாமல் கிடந்த அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அதற்குப் பிறகுதான் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று தோன்றியது.

மற்றதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். விடியும் முன் வந்து மதியத்துக்குள் ஆறிப்போகும் கேட்டரிங் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடும் சிராங்கூன் சாலை. மனசு சரியில்லாவிட்டால் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போவேன். 1859-ல் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், எழுப்பிய கோயில். அவர்களைப் போல் கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் யாரும் எங்கள் வீட்டில் இல்லை. ஆனாலும் அங்கே நின்றால் நம் பக்கத்துச் சனம் இந்த மண்ணில் எத்தனை தலைமுறையாகக் கால் ஊன்றியிருக்கிறது என்று நெஞ்சு நிறையும்.

கோட்டையூர், பள்ளத்தூர்ப் பையன்கள் போனில் சம்பளம், ஓவர்டைம் பற்றிக் கேட்கிறார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். கூடவே, டெஸ்டரை முதலில் எங்கே வைப்பாய் என்று நானும் கேட்கிறேன். சரியான பதில் வரும்வரை போனை வைப்பதில்லை.