ஹூஸ்டன் மேயர் எலக்ஷன்: ரன்ஆஃப் வரைக்கும் போய் ஓட்டு போட்ட அனுபவம்

2023ல ஹூஸ்டன் மேயர் எலக்ஷனுக்கு நானும் அம்மாவும் ஓட்டு போட்டோம், நவம்பர்ல ஒரு தடவை, அப்புறம் டிசம்பர்ல ரன்ஆஃபுக்கு (யாரும் பாதிக்கு மேல வாங்கலன்னா முதல் ரெண்டு பேருக்கு மட்டும் நடக்கற ரெண்டாவது ரவுண்டு) திரும்ப. சிட்டிசன்ஷிப் வாங்கினப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் உள்ளூர் எலக்ஷன். அடுத்தது 2027 நவம்பர்ல வருது, அதுக்குள்ள புதுசா சிட்டிசன் ஆகப்போறவங்க நிறைய பேர் இருப்பீங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். எனக்குத் தெரிஞ்ச நம்ம ஆளுங்க பிரசிடென்ட் எலக்ஷன்னா லீவு போட்டுட்டு போறாங்க, மேயர் எலக்ஷன்னா தேதி கூட தெரியல, ரன்ஆஃப்னா "அதான் நவம்பர்லயே முடிஞ்சிருச்சே"ங்கறாங்க. முடியல, பல வருஷம் மேயர் யாருன்னு முடிவானதே டிசம்பர்லதான்.

முதல்ல பாக்க வேண்டியது நீங்க சிட்டிக்குள்ள இருக்கீங்களான்னு. இது கேக்க சாதாரணமா இருக்கும் ஆனா இங்கதான் பாதி பேருக்கு குழப்பம். பேர்லண்ட், சுகர் லேண்ட், கேட்டி எல்லாம் தனி ஊர், தனி மேயர், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா வடமேற்கு பக்கம் நிறைய ஏரியால தபால் அட்ரஸ்ல ஹூஸ்டன்னு போட்டிருக்கும், இடம் சிட்டி எல்லைக்கு வெளிய கவுன்ட்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கும், அவங்களுக்கு மேயர் ஓட்டு கிடையாது. ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில்லுல சிட்டி ஆஃப் ஹூஸ்டன்னு ஒரு வரி இருந்தா நீங்க உள்ள, வாடகை வீடுன்னா வோட்டர் கார்டுல சிட்டி பிரிவுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. நாங்க கிளியர் லேக், நாசா பக்கத்துல, அது சிட்டிக்குள்ளதான் வருது.

பதிவு பண்றது டெக்சாஸ்ல இன்னும் பேப்பர்தான். புதுசா பதிவு பண்ண ஆன்லைன் வசதி கிடையாது, ஃபார்ம நிரப்பி கையெழுத்து போட்டு தபால்ல அனுப்பணும், இல்ல பதிவு பண்ணி வைக்கிற வாலண்டியர் யார்கிட்டயாவது குடுக்கணும். 2025 வரைக்கும் சிட்டிசன்ஷிப் உறுதிமொழி எடுக்கற ஹால்லயே லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ்ங்கற கட்சி சாராத வாக்காளர் அமைப்போட ஆளுங்க மேஜை போட்டு உக்காந்திருந்தாங்க, அங்கயே குடுத்துட்டு வந்துர முடிஞ்சது. எலக்ஷனுக்கு 30 நாள் முன்னாடி பதிவு ஆயிருக்கணும். 2023ல நவம்பர் 7 எலக்ஷனுக்கு அக்டோபர் 10 கடைசி நாள், டிசம்பர் 9 ரன்ஆஃபுக்கு நவம்பர் 9. இத கவனிங்க, முதல் ரவுண்டுல ஓட்டு போடாதவங்களும் ரன்ஆஃபுல போடலாம், அதுக்கு தனி தேதி இருக்கு. எனக்கு தெரிஞ்ச ஒரு அண்ணனுக்கு அக்டோபர் நடுவுலதான் சிட்டிசன்ஷிப் கிடைச்சது, அவரு முதல் ஓட்டே ரன்ஆஃபுலதான் போட்டாரு.

இப்ப பேலட், அதாவது ஓட்டுச்சீட்டு விஷயத்துக்கு வர்றேன். மேயர் எலக்ஷன்ல கட்சி பேரே கிடையாது. வெறும் ஆள் பேரு மட்டும் வரிசையா இருக்கும், அதுவும் 2023ல ஒரு டஜனுக்கு மேல பேரு. திருச்சியில அறுபது வருஷம் வாழ்ந்துட்டு வந்தவங்க எங்கம்மா, சின்னத்த பாத்து பட்டன் அமுக்கியே பழக்கம். சாம்பிள் பேலட்ட பிரிண்ட் எடுத்து காட்டுனதும் "ஏன் பாப்பா, சின்னமும் இல்ல கட்சியும் இல்ல, யாரு என்ன ஆளுன்னு எப்படி தெரிஞ்சுக்கறது"ன்னு கேட்டாங்க. சரியான கேள்வி அது. லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் போடற வோட்டர் கைடுல ஒவ்வொருத்தரும் அவங்களே எழுதி குடுத்த பதில் இருக்கும், அத நான் தமிழ்ல சொல்ல சொல்ல அம்மா கேட்டாங்க. குப்பை எடுக்கறது, தண்ணி பில்லு, மழை பெஞ்சா வடியறது, போலீஸ், தீயணைப்பு இதெல்லாம்தான் மேயர் கையில இருக்கு, ஹார்வே வெள்ளத்த 2017ல பாத்தவங்களுக்கு வடிகால் யாரு பொறுப்புங்கறது சின்ன விஷயம் இல்ல. அதோட ஹூஸ்டன் மேயருக்கு அதிகாரம் ரொம்ப ஜாஸ்தி, சிட்டி கவுன்சில்ல (நம்ம ஊர் மாநகராட்சி மன்றம் மாதிரி) எது விவாதத்துக்கு வரணும்னு அவருதான் முடிவு பண்ணுவாரு, அதே நவம்பர் பேலட்டுலதான் மூணு கவுன்சில் மெம்பர் சேந்தா ஒரு விஷயத்த கொண்டு வரலாம்னு ஒரு திருத்தம் வந்து பாஸ் ஆச்சு.

அம்மாவுக்கு 65 தாண்டிருச்சு, தபால் ஓட்டு கேக்கலாம், ஆனா நேர்லதான் போடுவேன்னுட்டாங்க. முன்கூட்டியே ஓட்டு போடற நாட்கள்ல கவுன்ட்டியில எந்த சென்டருக்கு வேணாலும் போகலாம், எலக்ஷன் அன்னைக்கும் அப்படித்தான், உங்க ஏரியா சென்டர்னு தேட வேண்டியதில்ல. போட்டோ ஐடி கட்டாயம். டிரைவிங் லைசென்ஸ், டெக்சாஸ் ஐடி கார்டு, பாஸ்போர்ட் எதுவும் ஓகே, போட்டோ ஒட்டின சிட்டிசன்ஷிப் சர்டிபிகேட் கூட செல்லும், பாஸ்போர்ட் இன்னும் வரலன்னு யாரும் வீட்ல உக்கார வேணாம். உள்ள போன் எடுக்கக்கூடாது ஆனா பேப்பர்ல எழுதிட்டு போலாம். அம்மாவுக்கு நான் ஒரு துண்டு பேப்பர்ல பேரெல்லாம் தமிழ்ல எழுதி குடுத்தேன்.

ஹூஸ்டன் இருக்கற ஹாரிஸ் கவுன்ட்டியில பேலட் இங்கிலீஷ், ஸ்பானிஷ், வியட்நாமீஸ், சைனீஸ் நாலு மொழியில இருக்கு, தமிழ் கிடையாது. ஆனா படிக்க முடியாதவங்க உதவிக்கு தனக்கு பிடிச்ச ஒருத்தர கூட்டிட்டு போக சட்டமே இடம் குடுக்குது, வேலை குடுக்கற முதலாளியும் யூனியன் ஆளும் மட்டும் கூடாது. நான் ஒரு ஃபார்ம்ல என் பேர் அட்ரஸ், அம்மாவுக்கு நான் என்ன உறவுங்கறதெல்லாம் எழுதி உறுதிமொழி எடுத்தேன், ஓட்டு யாருக்குன்னு நான் அழுத்தம் குடுக்க மாட்டேன்னு. அங்க இருந்த அம்மணி ரொம்ப பொறுமையா நிதானமா படிச்சு காட்டுனாங்க. அப்புறம் ஸ்க்ரீன்ல தொட்டு தொட்டு தேர்ந்தெடுத்து, அது பேப்பர்ல பிரிண்ட் ஆகி வரும், அத ஒரு தடவை படிச்சு சரிபாத்துட்டு ஸ்கேனர்ல போடணும், போட்டாத்தான் ஓட்டு. பிரிண்ட்ட கையில வச்சிட்டு கிளம்பிராதீங்க. நவம்பர்ல மாநில சட்ட திருத்தம் மட்டுமே 14 இருந்துச்சு, அதனால நேரம் ஆச்சு.

ரிசல்ட் வந்தப்போ ஜான் விட்மயர் கிட்டத்தட்ட 42 சதவீதம், ஷீலா ஜாக்சன் லீ 36 சதவீதம். பாதிக்கு மேல யாரும் வாங்கல, அதனால முதல் ரெண்டு பேருக்கு மட்டும் டிசம்பர் 9 ரன்ஆஃப். நான் போட்டவரு ரெண்டு பேர்லயும் இல்ல. இங்கதான் நிறைய பேர் கழண்டுக்கறாங்க, நம்ம ஆளு போயிட்டாரு இனி யாரு வந்தா என்னன்னு. எனக்கு அது சுத்தமா ஒத்துக்கல. நம்ம ஆளு தோத்தாலும் தெருவுல தண்ணி நிக்கிறது நிக்கத்தான் போகுது, அத பாக்கப்போறது இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர். அதுவும் ரெண்டு பேருமே டெமாக்ரட் கட்சி, விட்மயர் 1983லேர்ந்து மாநில செனட்ல இருந்தாரு, ஜாக்சன் லீ 1995லேர்ந்து காங்கிரஸ்ல, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துல இருந்தாங்க. அதனால கட்சிய வச்சு முடிவு பண்ணவே முடியாது, சொன்னத படிச்சாத்தான் உண்டு. விட்மயர் குற்றத்த குறைக்க 200 மாநில போலீஸ கொண்டு வர்றேன்னாரு, ஜாக்சன் லீ வாஷிங்டன்ல இருக்கற செல்வாக்க வச்சு சிட்டிக்கு பணம் கொண்டு வருவேன்னாங்க. நானும் அம்மாவும் நாலஞ்சு ராத்திரி சாப்பாட்டு மேஜையில இதையே பேசினோம், அம்மா கடைசில யாருக்கு போட்டாங்கங்கறது அவங்க ஓட்டு, நான் எழுத மாட்டேன்.

ரன்ஆஃப் பேலட் சின்னது. மேயர், கன்ட்ரோலர், சிட்டி முழுக்க ஓட்டு போடற கவுன்சில் சீட் நாலு, சில டிஸ்ட்ரிக்ட்ல மட்டும் கூட ஒண்ணு. கன்ட்ரோலர் பதவிய தயவுசெஞ்சு காலியா விட்டுட்டு வராதீங்க, சிட்டி கணக்கு வழக்க பாக்கறவரு அவரு, மேயரோட செலவ கேள்வி கேக்கற இடம் அது. தேதியையும் சிட்டி இல்ல கவுன்ட்டி சொல்றத மட்டும் நம்புங்க, அந்த வருஷம் ஒரு டிவி விளம்பரத்துலயே ரன்ஆஃப் தேதிய தப்பா சொன்னாங்க. முன்கூட்டி போடறதுக்கு நவம்பர் 27லேர்ந்து டிசம்பர் 5 வரைக்கும் இருந்துச்சு, தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச கையோட, நாங்க ஒரு மத்தியானம் போனோம், க்யூவே இல்ல, போன வேகத்துல முடிஞ்சது.

விட்மயர் 64 சதவீதம் வாங்கி ஜெயிச்சாரு. நவம்பர்ல மேயருக்கு ரெண்டரை லட்சம் ஓட்டு விழுந்துச்சு, ரன்ஆஃபுல ரெண்டு லட்சம். 23 லட்சம் பேர் வாழற ஊர்ல. 2023ல வித்தியாசம் பெருசு, சரி, ஆனா 2015 ரன்ஆஃபுல சில்வெஸ்டர் டர்னர் பில் கிங்க ஜெயிச்சது நாலாயிரம் ஓட்டு சொச்சத்துல, கோயில் விழாவுக்கு கூடற நம்ம கூட்டம் அளவுதான் அது.

2027க்கு நீங்க வீடு மாறியிருந்தா அதே கவுன்ட்டிக்குள்ளன்னா அட்ரஸ ஆன்லைன்லயே மாத்திக்கலாம், வேற கவுன்ட்டின்னா திரும்ப புதுசா பதிவு பண்ணணும். வீட்ல பெரியவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு போங்க, ஃபார்ம் ஒண்ணுதான், அஞ்சு நிமிஷ வேலை. கிளியர் லேக் பக்கம் யாருக்காவது துணைக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, நான் வர்றேன்.