மால்டாவில் மாதக் கடைசி

மால்டாவில் ஆன்லைன் சூதாட்ட நிறுவனம் ஒன்றின் கம்ப்ளையன்ஸ் பிரிவில், அதாவது விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவில், இருந்தேன். மாதக் கடைசி வந்தால் எனக்கு ஒரே கணக்குதான். ஆட்டக்காரர்கள் எங்களிடம் போட்டுவைத்திருக்கும் பணம் மொத்தம் எவ்வளவு? அதற்கென்றே ஒதுக்கிய தனி வங்கிக் கணக்கில் இருப்பது எவ்வளவு? இரண்டாவது தொகை முதல் தொகையைவிடக் குறையவே கூடாது. சம்பளம், வாடகை, விளம்பரம் எதற்கும் அதில் கைவைக்க முடியாது. நிறுவனம் நொடித்துப்போனாலும் கடன் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை கண்டிப்பு. கணக்கு நேரானதும் அறிக்கை மால்டா கேமிங் ஆணையத்துக்குப் போகும்.

மால்டா வெறும் 316 சதுர கிலோமீட்டர் தீவு நாடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த 2004ஆம் ஆண்டிலேயே ஆன்லைன் சூதாட்டத்துக்கு விதிமுறை வகுத்தது. ஒன்றியத்தில் அதுதான் முதல் நாடு. 2018 சட்டம் உரிமங்களை இரண்டே வகையாக்கியது: ஆட்டக்காரர்களிடம் நேரடியாக வியாபாரம் செய்பவர்களுக்கு ஒன்று, அவர்களுக்கு ஆட்டங்களையும் மென்பொருளையும் கொடுப்பவர்களுக்கு ஒன்று. உரிமம் பத்து ஆண்டுகளுக்கு. முதலாளிகள் யார், முதல் எங்கிருந்து வந்தது என்று ஆணையம் துருவித் துருவிக் கேட்கும். அப்படிக் கேட்பது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஆடுபவர்களில் பெரும்பாலானோர் வேறு நாடுகளில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர், தன்னால் கட்டுப்படுத்த முடியவில்லை என்று ஆறு மாதத்துக்குத் தன் கணக்கை முடக்கச் சொன்னார். உடனே முடக்கினோம். விதிப்படி அவருக்கு விளம்பரமும் போகக் கூடாது. மூன்றாம் நாளே போனஸ் மின்னஞ்சல் போய்விட்டது. மார்க்கெட்டிங் பட்டியல் ஒன்றில் அவர் முகவரி நீக்கப்படவில்லை. "நானே பூட்டச் சொன்ன கதவை நீங்களே வந்து தட்டுகிறீர்களே" என்று எழுதினார். அன்று மாலை எல்லாப் பட்டியல்களிலும் அவர் பெயரை என் கையாலேயே தேடி எடுத்தேன். மறுநாள் காலையும் தேடினேன்.

2023இல் மால்டா தன் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஆட்டக்காரர்கள் மால்டா நிறுவனங்களிடம் இழந்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டு வென்றுகொண்டிருந்தார்கள். அத்தகைய தீர்ப்புகளை இங்கே நிறைவேற்ற மால்டா நீதிமன்றங்கள் மறுக்க அந்தப் பிரிவு வழிசெய்தது. தான் சட்டப்படி உரிமம் கொடுத்த தொழிலைக் காப்பதாக அரசு சொன்னது. எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளிநாட்டுக்காரரிடம் பணம் வாங்க அனுமதிக்கும் நாடு, அவர் ஊர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் காதுகொடுக்க வேண்டாமா?

பணம் பத்திரமா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் அனுப்பும் பதிலில், "மால்டா உரிமம் இருப்பதால் உங்கள் பணமும் உரிமைகளும் பாதுகாப்பாக உள்ளன" என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகு நான் எழுதிய பதில்களில் 'உரிமைகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பணம் தனிக் கணக்கில் இருக்கிறது என்று மட்டும் எழுதினேன்.