பழைய தோட்ட டிராக்டர்: எதை முதலில் தொடுவது?

பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கிச் சீரமைக்க நினைப்பவர்களில் பலர் முதலில் விசாரிப்பது அதன் அசல் நிறத்தைப் பற்றித்தான். நான் கடைப்பிடிக்கும் வரிசை வேறு. எஞ்சின், இக்னிஷன், கார்புரேட்டர், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஆகிய அனைத்தும் சரியாகி, வண்டி ஒரு பருவம் முழுவதும் உழைத்துக் காட்டிய பிறகே பெயின்ட் டப்பாவைத் திறப்பேன். புல் வெட்டவும் மண்ணைக் கிளறவும் பனியைத் தள்ளவும் பிறந்த இயந்திரம், அந்த வேலைகளைச் செய்யும் நிலைக்குத் திரும்பினால்தான் அதைச் சீரமைத்ததாக நான் கருதுவேன்.

இந்த வண்டிகளை இன்றும் மீட்க முடிவதற்குக் காரணம் அவை கட்டப்பட்ட விதம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் முதல் கப் கேடட் தோட்ட டிராக்டர் 1961 மாடலாக வந்தது. ஜான் டியர் 110 வந்தது 1963-இல். இரண்டிலும் இருந்தது கோலர் நிறுவனத்தின் 7 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின். அந்த எஞ்சின் சேர்ந்த கோலரின் ‘கே’ (K) வரிசையில் பின்னர் 10, 12, 14, 16 குதிரைத்திறன் எஞ்சின்களும் வந்தன. இவற்றின் பிளாக் வார்ப்பிரும்பால் ஆனது. சிலிண்டர் தேய்ந்துவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்து உட்துளையைக் கடைந்து பெரிதாக்கி, 0.010, 0.020 அல்லது 0.030 அங்குலம் பெரிய பிஸ்டனைப் பொருத்திக்கொள்ளலாம். ஒரே பிளாக்குக்கு இப்படி மூன்று மறுவாழ்வுகளை வடிவமைப்பிலேயே ஒதுக்கி வைத்தவர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்துபார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். முதலில் எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு உறைகளைக் கழற்ற வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால், ஃப்ளைவீல் எனும் கனமான சுழல் சக்கரத்தின் விசிறி தள்ளும் காற்று சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகளுக்கிடையே தடையின்றி ஓட வேண்டும். அங்கே எலிகள் கூடு கட்டியிருப்பது மிகச் சாதாரணம். அந்தக் கூட்டோடு எஞ்சினை ஓட்டினால் சிறிது நேரத்திலேயே அது அளவுமீறிச் சூடாகிவிடும்.

அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப்பார்க்க வேண்டும். பிஸ்டன் இறுகியிருந்தால், ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ATF) அசிட்டோனும் கலந்த கலவையை பிளக் துளை வழியாக ஊற்றி ஊறவிட்டு, ஃப்ளைவீலை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துக்கொண்டே வர வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பவர்கள் பிஸ்டனை உடைத்து, அதோடு கனெக்டிங் ராடையும் வளைத்துவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இக்னிஷன், அதாவது ஸ்பார்க்கை உண்டாக்கும் அமைப்பு. பல சிறிய எஞ்சின்களில், திறந்து மூடி ஸ்பார்க்குக்கு நேரம் குறிக்கும் மின்தொடர்பு முனைகளான காண்டாக்ட் பாயின்ட்டுகள் ஃப்ளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கே வரிசையில் அவை பிளாக்கின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறிய மூடிக்குள் உள்ளன. கேம்ஷாஃப்ட்டிலிருந்து வரும் மெல்லிய கம்பி ஒன்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் அந்தப் பாயின்ட்டுகளின் முகத்தில் சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். மின்சாரம் பாயாமல் ஸ்பார்க் வராததற்கு அதுவே பெரும்பாலும் காரணம். கெட்டியான, எண்ணெய்ப் பசையில்லாத காகித அட்டையை இடையில் செருகி இழுத்தாலே பல நேரங்களில் உயிர் வந்துவிடும். பிறகு ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகடு கொண்டு இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டருக்கு அமைக்க வேண்டும்.

அந்த அளவு தொடக்கத்துக்கு மட்டுமே. ஃப்ளைவீலில் ‘எஸ்’ (S), ‘டி’ (T) என இரண்டு குறிகள் உண்டு. ‘டி’ பிஸ்டன் உச்சியைத் தொடும் இடம், ‘எஸ்’ அதற்கு 20 பாகை முன்பாக ஸ்பார்க் விழ வேண்டிய இடம். பாயின்ட்டுகளுக்குக் குறுக்கே சோதனை விளக்கு ஒன்றை இணைத்து, ஃப்ளைவீலை மிக மெதுவாகச் சுற்றி, எஸ் குறி பார்வைத் துளையின் நடுவுக்கு வரும் அதே கணத்தில் பாயின்ட்டுகள் பிரிகின்றனவா என்று விளக்கில் பார்த்து, பிரியாவிட்டால் இடைவெளியை ஒரு மயிரிழை கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். கணினியோ சிறப்புக் கருவியோ இல்லாமல் எஞ்சினின் நேரத்தைக் கண்ணாலேயே பிடித்துவிடும் இந்த வேலைக்காகவே நான் இன்னொரு வண்டியையும் வாங்குவேன்.

கார்புரேட்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சி, கிண்ணத்தின் அடியில் வெண்மையான படிவை விட்டிருக்கும். முழுவதும் பிரித்து, ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரியும்வரை சுத்தம் செய்து, கேஸ்கெட்டுகளையும் பெட்ரோல் குழாயையும் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது.

துருவைப் போக்குவதில் எனக்குப் பிடித்த முறை மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீர், துருப்பிடித்த பாகத்தில் பேட்டரி சார்ஜரின் நெகடிவ், எதிரே நிறுத்திய பழைய இரும்புத் துண்டில் பாசிட்டிவ், இவ்வளவுதான் அமைப்பு. நல்ல இரும்பு சற்றும் கரையாது என்பது தேய்ப்பதிலும் அமிலத்திலும் கிடைக்காத நன்மை. பாசிட்டிவ் பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மட்டும் ஒருபோதும் வைக்கக்கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மை மிக்க குரோமியம் நீரில் இறங்கும். அலுமினிய பாகங்களைச் சோடா அரித்துவிடும் என்பதால் அவற்றையும் தொட்டியில் போடக்கூடாது. ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் தொட்டி காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும்.

பெயின்ட் அடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஜான் டியர் நிறுவனமே 1969-இல் பச்சையைத் தள்ளிவைத்து, வெள்ளை உடலோடு மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, நீலம் ஆகிய நிறங்களில் பானட்டும் இருக்கையும் கொண்ட பேட்டியோ வரிசையை வெளியிட்டது. அப்படிப்பட்ட வண்டி கையில் கிடைத்தால் அதன் நிறத்தை மீட்பது நியாயமே. ஆயினும் அசல் பெயின்ட் பாதியாவது மிஞ்சியிருக்கும் வண்டியைச் சுரண்டி எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். எனவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல், ஈரமாக்கி, தகுந்த முகக்கவசத்தோடுதான் தேய்க்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய வண்டியை ஓடும் நிலையிலேயே வைத்திருப்பது சீரமைப்பைவிட எளிது, ஆனால் முடிவில்லாதது. 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலை மாற்ற வேண்டும். முன் அச்சில் சக்கரங்கள் திரும்பும் முளைகளான கிங்பின்களில் பழைய கிரீஸ் பிதுங்கி வெளிவரும்வரை புதிய கிரீஸைச் செலுத்த வேண்டும். ஸ்டீயரிங் ஆட்டம் காண்பது பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. வேலையில்லாத மாதங்களுக்கு நிறுத்தும்போது, பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டர் காலியாகி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பிறகு பிளக் துளை வழியாகச் சிறிது எஞ்சின் ஆயிலை விட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, அழுத்தம் கைக்குத் தெரிந்ததும் டி குறியில் நிறுத்த வேண்டும். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால், ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டன் வளையங்களை மீண்டும் துருவேற்றாது.