அப்பா பெயரில் ஒரு ஜெர்மன் பாஸ்போர்ட்

ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகருக்கு வந்த புதிதில் வங்கி, கிளினிக், மகளின் கிண்டர்கார்டன் என எங்கே போனாலும் 'ஃபிராவ்' (திருமதி) சேர்த்து என் அப்பா பெயரைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் அது வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதியதால் இங்கே குடும்பப் பெயராகிவிட்டது. அம்மாகூட வாயெடுத்துச் சொல்லாத பெயர். முதல் தடவை கேட்டபோது அப்பாதான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ரொம்ப நாள் மனசு வரவில்லை. 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. விண்ணப்பிக்க இங்கே வசித்திருக்க வேண்டிய 8 ஆண்டும் 5 ஆனது. ஆனால் நம் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கிடைக்கும். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். "பாஸ்போட்டை மாத்துங்கோ பிள்ளை, பேரை மாத்திப்போடாதேங்கோ" என்றார். அன்றுதான் முடிவெடுத்தேன்.

பி1 என்ற இடைநிலை ஜெர்மன் மொழிச் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது. கட்டணம் எனக்கு 255 யூரோ, மகளுக்கு 51. குடியுரிமைத் தேர்வில் 33 கேள்வி, 17 சரியாக இருந்தால் போதும். அவை எடுக்கப்படும் 310 கேள்விகளும் முன்பே கிடைத்துவிடும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. மகள்தான் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுத்தாள். ஈஸ்டர் வழக்கம் என்ன என்ற கேள்வி வந்ததும் அலமாரியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காட்டினாள். போன வருஷம் அவள் வர்ணம் தீட்டியது. நீலப் பின்னணியில், வெள்ளைப் புள்ளிகளைச் சுற்றி வளைந்து போகும் சிக்குக் கோலம்.

அப்புறம் 14 மாதக் காத்திருப்பு. அதுதான் உண்மையில் கஷ்டம்.

குடியுரிமைச் சான்றிதழ் தரும் நாளில், ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தை மதிப்பேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசாரச் சொன்னேன். பெயரை ஜெர்மன் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு என்றார் அதிகாரி. வேண்டாம் என்றேன்.

பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தேன். ரத்து முத்திரையோடு திரும்பி வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரும் அம்மா பெயரும் இருந்தன. ஜெர்மன் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயருக்கு இடமே இல்லை. ஆனால் புகைப்படத்துக்குப் பக்கத்தில், முதல் வரியிலேயே அப்பா பெயர். மகளுக்கும் அதுதான் குடும்பப் பெயர். என் பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.