மழைதான் இல்லையே, ஆத்தா

அந்த ஒரு வரியை நான் சொல்லாமல் இருந்திருந்தால் மற்றதெல்லாம் சாதாரண மலேரியாக் களப்பணிக் கதையாக மறந்துபோயிருக்கும்.

2016 அக்டோபர் 26, புதன்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள். ராமேஸ்வரம் தீவுக்குள் ஒரு மல்லிகை நாற்றுத் தோட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் அந்த ஆத்தா யாரென்று பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. தோட்டத்தின் நடுவில் ஓர் ஊத்து. ஆள் இடுப்பளவு ஆழம், சரிந்த மணல் கரை, இறங்க இரண்டு பனைமட்டைப் படி. அடியில் கண்ணாடி மாதிரி ஒரு முழம் தண்ணீர்.

கரையில் குந்தி, நீளக் கைப்பிடி வைத்த வெள்ளை அகப்பையைச் சாய்த்து ஓரமாக மொண்டேன். என் நிழல் பட்டதுமே புழுக்கள் உள்ளே போய்விடும் என்பதால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பொறுத்தேன். ஒன்று மேலே வந்தது. பிறகு இரண்டு. மொத்தம் ஐந்து. சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இவை நீர்மட்டத்தோடு ஒட்டி, வெட்டிப் போட்ட நூல்துண்டு மாதிரி படுத்துக் கிடந்தன. அனாபிலஸ், மலேரியாவைப் பரப்புகிற கொசு. முதல் பருவம், மிஞ்சினால் இரண்டாம் பருவம்.

பையில் இருந்தது கொசுப்புழு எண்ணெய் மட்டும். குடிதண்ணீரில் ஊற்றக்கூடிய அபேட் மருந்து முந்தின வாரமே தீர்ந்துவிட்டது.

ஆத்தா நான் மூடியைத் திறப்பதைப் பார்த்துவிட்டார். “எண்ணெய ஊத்திறாத அப்பு. செடிக்கு மட்டும்னா ஊத்திட்டுப் போ. இதுலதான் ஒலையும் வைக்கிறேன்.”

“சரி ஆத்தா, ஊத்தல. அடுத்த வாரம் மீன் கொண்டாந்து விடுறேன். புழுவத் தின்னுரும்.”

“மீனா?” என்று சிரித்தார். “எங்க ஊருக்கு நீ மீனு கொண்டாரியாக்கும்.”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் தொடர்ச்சியாகத்தான் அந்த வரி வந்தது. ஊத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. “மழைதான் இல்லையே ஆத்தா, கொசு எங்கருந்து வரப்போகுது?”

அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: “மழ இல்லாததுனாலதானப்பா இதத் தோண்டுனேன்.”

அகப்பைத் தண்ணீரை மணலில் கொட்டினேன். பதிவேட்டில், புழு என்ற கட்டத்தில், 0 என்று எழுதினேன்.

எழுதியது பொய் என்று எழுதும்போதே தெரியும். ஆனால் ஐந்து என்று எழுதினால் ‘எடுத்த நடவடிக்கை’ என்ற அடுத்த கட்டத்தை நிரப்பியாக வேண்டும். எண்ணெய் ஊற்றினேன் என்று எழுதினால் இன்னொரு பொய். மீன் விடுவதாகச் சொன்னேன் என்று எழுத அங்கே கட்டம் கிடையாது. இரண்டு பொய்யில் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்யைத் தேர்ந்தெடுத்தேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழைக்கும் மலேரியாவுக்கும் என்ன உறவு என்று என்னிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பயிற்சியில் மூன்று முறை கேட்ட பாடம் அது. மழை பெய்தால் தேங்கும், தேங்கினால் முட்டை, முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள், ஒட்டுண்ணி கொசுவின் உடம்பில் முற்ற இன்னொரு பத்து நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இரண்டு வாரம். ஆக மழைக்கும் காய்ச்சலுக்கும் நடுவே ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி. அடைமழை என்றால் கதை வேறு, புழுவை அடித்துக்கொண்டு போய்விடும். 1908-இல் பஞ்சாபில் பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகுதான் லட்சக்கணக்கில் செத்தார்கள். இதெல்லாம் மனப்பாடம்.

அதே பாடத்தில் இலங்கையும் உண்டு. தனுஷ்கோடி முனையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தாண்டினால் தலைமன்னார். 1934-இல் அங்கே தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருந்த தெதுறு ஓயா, மகா ஓயா மாதிரியான ஆறுகள் ஓட்டம் நின்று குட்டை குட்டையாகத் தேங்கின. மணல் நடுவே வெயில் படும் தெளிந்த நீர், புழுவை அடித்துப் போக வெள்ளம் கிடையாது. க்யூலிசிஃபேசிஸ் என்கிற அனாபிலஸுக்கு இதைவிட நல்ல தொட்டில் கிடைக்காது. அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாகச் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். வெள்ளத்தால் வந்தது பஞ்சாபில், வறட்சியால் வந்தது இலங்கையில். ஆறு ஏறினாலும் ஆபத்து வரலாம், இறங்கினாலும் வரலாம், அந்த இடத்தில் தண்ணீர் எந்த நிலையில் நின்றுபோகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

நம் தீவில் ஆறே கிடையாது. நம் பக்கத்து ஆறான வைகை கடலைப் பார்ப்பதே அபூர்வம். ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும், மிஞ்சினால் ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம் வந்து கடலைத் தொடும். அதனால் இலங்கைப் பாடம் நமக்கானதில்லை என்று மனசு எங்கேயோ ஒதுக்கிவைத்துவிட்டது போல. ஆனால் ஆற்று மணலில் மிஞ்சுகிற குட்டைக்கும் ஆத்தா கையால் தோண்டிய ஊத்துக்கும் கொசுவின் கண்ணில் என்ன வித்தியாசம்? மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்க, தோண்டுகிற குழியும் இறங்குகிறது. பழையது சரிந்தால் பக்கத்தில் புதிது. பாசி பிடிக்காத, மீன் இல்லாத, வெயில் விழுகிற புதுத் தண்ணீர். உள்நாட்டில் கடும் வறட்சி என்றால் காற்றில் ஈரம் இல்லாமல் கொசு சீக்கிரம் செத்துவிடும், ஒட்டுண்ணி முற்றும்வரை உயிரோடு இருக்காது. இங்கே நாலு பக்கமும் கடல். மழை பொய்த்த வருஷத்திலும் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

இந்தத் தீவுக் கொசுவுக்கு ஒரு பெருமையும் உண்டு. க்யூலிசிஃபேசிஸ் என்பது பார்க்க ஒன்றாகவே இருக்கும் ஐந்து இனங்களின் கூட்டம். ஐந்தாவதான ‘ஈ’ இனத்தை 1999-இல் பிரித்து அடையாளம் கண்டது ராமேஸ்வரம் கொசுக்களை வைத்துத்தான். ‘பி’ இனத்தோடு ஒன்றாகவே நினைத்திருந்தார்கள். ‘பி’ மலேரியாவை அவ்வளவாகப் பரப்பாது. இது நன்றாகப் பரப்பும். கொசுவுக்கு ‘ஈ’ என்று பேர் வைத்ததைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் அன்றைக்கு அந்த வரியைச் சொன்னவன். ஆத்தா பதில் சொன்னபோது அதைக் குறையாகத்தான் கேட்டேன். மழை இல்லை, தண்ணீருக்குக் கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிற குறை. அவர் எனக்கு விடை சொன்னார் என்று புரிய ஆறு வாரம் ஆனது.

தீபாவளிக்கு அவருடைய பேரன் மங்களூரிலிருந்து வந்தான். அங்கே விசைப்படகில் வேலை. நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிரும் காய்ச்சலும். 9-ஆம் தேதி காலையில் இடது கை மோதிர விரலில் குத்தி ஸ்லைடு எடுத்தது நான்தான். முந்தின இரவுதான் ஐந்நூறு ஆயிரம் நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். அவன் கையை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றொரு கையில் நோட்டுகளை வைத்துக்கொண்டு, “சார், இத எங்க மாத்துறது?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். மலேரியாவில் ஒரு வகையான வைவாக்ஸ் என்று வந்தது. மங்களூரிலேயே ஒருமுறை வந்து மாத்திரை சாப்பிட்டானாம். குளோரோகுயின் மூன்று நாள் போட்டிருக்கிறான், பிரைமாகுயின் பதினாலு நாளில் நாலே நாள். ஈரலில் தூங்கிய கிருமி திரும்ப எழுந்திருக்கிறது. இந்தத் தடவை பதினாலு நாளும் நேரில் நின்று விழுங்க வைத்தேன். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்களுக்குப் புரியும்.

மீன்? போகவில்லை. புழு தின்னும் கம்பூசியா மீன் எடுக்க ராமநாதபுரம் போக வேண்டும். வண்டிக்கு டீசல் போடக் கையில் செல்லும் நோட்டு இல்லை, களப்பணியாளர்கள் பாதிப் பேர் வங்கி வாசலில். போதாததற்கு ஆட்களை டெங்குக்குத் திருப்பி, வீடு வீடாகத் தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை என்று அலையச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் என்னிடம் பைக் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் இருபது மீனைப் பைக்கில் கொண்டுவர முடியும். பின்னால் ஒருமுறை அப்படித்தான் கொண்டுவந்தேன்.

டிசம்பர் 5 நடுராத்திரி முதல்வர் இறந்த செய்தி வந்து, மறுநாள் ஊரே அடைத்துக் கிடந்தது. 7-ஆம் தேதி ஆத்தா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் குழந்தை, ஏழு வயது. 3-ஆம் தேதியிலிருந்து காய்ச்சல். பாம்பன் பாலத்தைத் தாண்டிப் போனதே பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு ஒருமுறை, அதுவும் போன வருஷம். வைவாக்ஸ்.

அன்றைக்கு ராத்திரி விரல் விட்டு எண்ணினேன். அக்டோபர் 26-இல் முதல் பருவப் புழு, நவம்பர் முதல் வாரத்தில் கொசு. அதே வாரம் பேரனுக்குக் காய்ச்சல், அவனைக் கடித்திருந்தால் பத்து நாளில் கொசு தயார். அதற்குப் பின் இரண்டு வாரம். டிசம்பர் 3. பாடப் புத்தகத்தில் உதாரணமாகப் போடலாம், அவ்வளவு கச்சிதம்.

கச்சிதமாக இருப்பதே எனக்குச் சந்தேகமாகவும் இருக்கிறது. அந்தத் தோட்டத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் முப்பதுக்கு மேல் ஊத்து. அவற்றில் பலவற்றுக்கு நான் எழுதிய 0 நிஜமான 0, சிலவற்றுக்கு நான் போகவே இல்லை. கொசு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். அகப்பையில் வந்த ஐந்தும் மணலில் கொட்டிச் செத்தவை, குழந்தையைக் கடித்தது அவையாக இருக்க வழியே இல்லை. வேறு யாருக்கோ காய்ச்சல் இருந்து, அவர் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நம்மிடம் வராமலே போயிருக்கலாம். இப்படி எண்ணும்போது கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. பிறகு, 5 என்று எழுதியிருந்தால் மேலே யாராவது கேட்டிருப்பார்கள், கேட்டிருந்தால் நான் வாளியோடு போயிருப்பேன் என்று தோன்றும். மூச்சு திரும்ப அடைக்கும். கேட்டிருக்கவும் மாட்டார்கள் என்று இன்னொரு நாள் தோன்றும்.

குழந்தைக்குச் சரியாகிவிட்டது. அந்தப் பருவமழை 62 சதவீதம் குறைவு என்று கணக்குச் சொன்னார்கள். ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. அதே 2016 செப்டம்பரில்தான் மலேரியா இல்லாத நாடு என்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்திருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் 80,000 பேரைப் பறிகொடுத்தவர்கள் சுழிக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் சுழி ஒவ்வொரு காய்ச்சலையும் துரத்திப் பிடித்து வந்த சுழி. நான் பேனாவால் போட்டது.

அதற்குப் பிறகு நான் பதிவேட்டில் பொய் எழுதவில்லை. இதைப் பெருமையாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்தேன், முடியவில்லை. அடுத்த பிப்ரவரியில் வேறொரு தோட்டத்தில் பதினொரு புழு, அன்றைக்கும் அபேட் இல்லை. பதினொன்று என்று எழுதி எண்ணெயை ஊற்றினேன். அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய் மினுமினுவென்று பரவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். லாரித் தண்ணீர் அன்றைக்கு முறை இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் பதிவேடு அன்று சுத்தமாக இருந்தது.

ஆத்தாவிடம் இதுவரை எதையும் சொல்லவில்லை. டிசம்பர் கடைசியில் வாளியோடு போனபோது அந்த ஊத்து சரிந்து தூர்ந்திருந்தது. நாலடி தள்ளிப் புதிதாக ஒன்று, பழையதைவிட ஆழம். இருபது மீனையும் அதில் விட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இத்துனூண்டா? கொழம்புக்குக்கூட ஆகாதே,” என்றார். ரெண்டு நாள் கழித்துப் போனேன். குடத்தோடு சேர்ந்து மீனும் வந்து வந்து மிஞ்சியது ஏழு. மொண்டு பார்த்தேன். புழு இல்லை. 0 என்று எழுதிவிட்டு, சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தடவை மொண்டேன்.