கை தொங்கினால் ரோபோ பின்னால் ஓடுது

ஜனவரி 7, 2012
ஃபர்ஸ்ட் (FIRST) என்ற அமைப்பு பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ரோபோ போட்டிக்கு இந்த வருட ஆட்டத்தை இன்று அறிவித்துவிட்டார்கள். ரீபவுண்ட் ரம்பிள், கிட்டத்தட்ட கூடைப்பந்துதான். முதல் 15 விநாடி ரோபோ தானாக ஓடலாம், இல்லாவிட்டால் உடல் அசைவைக் கண்டுபிடிக்கும் மைக்ரோசாஃப்ட் கேமராவான கினெக்ட் முன்னால் நின்று கையசைத்து ஓட்டலாமாம். குழுவில் பாதிப் பேருக்கு அப்போதே கை பரபரத்தது, எனக்கும்தான்.

ஜனவரி 15
கினெக்ட் நம் உடம்பில் 20 மூட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று விநாடிக்கு 30 தடவை சொல்லிக்கொண்டே இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது தோளும் மணிக்கட்டும் மட்டும். இடது கை இடப்பக்கச் சக்கரங்களுக்கு, வலது கை வலப்பக்கத்துக்கு. தோள் மட்டத்தில் நீட்டினால் நிற்கும், தூக்கினால் முன்னால், இறக்கினால் பின்னால். தாளில் அழகாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 21
ஜாய்ஸ்டிக்கை விட்டால் அதுவாக நடுவுக்கு வந்துவிடும். கையை விட்டால் தொங்கும், தொங்கினால் முழு வேகத்தில் ரிவர்ஸ்! ஓட்டியவன் அப்பாடா என்று கையைத் தொங்கப்போட, ரோபோ பின்னால் பாய்ந்து மேசைக்காலில் மோதி நின்றது, பம்பர் இருந்ததால் பிழைத்தது. இப்போது கை உடம்போடு ஒட்டியிருந்தால் வேகம் பூஜ்யம். கை இறங்கும் வழியில் மட்டும் ஒரு சின்ன உதறல் வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 3
நேராக ஓட்டவே முடியவில்லை. இரண்டு கையும் ஒரே உயரத்தில் இருப்பதாக நமக்குத்தான் தோன்றுகிறது, கினெக்டுக்கு அப்படியில்லை. நடுக்கத்தைக் குறைக்க அடுத்தடுத்த ஐந்து ஃபிரேமுக்கு (படத்துக்கு) சராசரி எடுத்தோம், நடுக்கம் போய்த் தாமதம் வந்து உட்கார்ந்தது, நிறுத்த நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நிற்கிறது. இதற்கு நடுவே பின்னால் யாரோ ஸ்பேனர் எடுக்கப் போக, கினெக்ட் ஓட்டுபவனை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. மதியம் ஜன்னல் வெயில் விழுந்ததும் கினெக்ட் மூட்டுகளை இணைத்துக் காட்டும் எலும்புக்கூடே காணோம், தானே வீசும் அகச்சிவப்புப் புள்ளிகளை வைத்துப் பார்க்கும் சாதனம், அகச்சிவப்பு நிறைந்த வெயிலில் என்ன செய்யும்?

பிப்ரவரி 11
சண்டை போட்டு ஒருவழியாக முடிவெடுத்தோம்: கையால் ஓட்டுவது இல்லை. ஓட்டுவதை நிரல் பார்த்துக்கொள்ளும், கை வெறும் பொத்தான்தான். வலது கையைத் தூக்கினால் கையிருப்புப் பந்து இரண்டையும் உடனே எறி, இரண்டு கையையும் தூக்கினால் கூட்டாளி ரோபோ எறிந்து முடிக்கும்வரை பொறு. முதல் சோதனையிலேயே நம்மாள் தலையைச் சொறிந்தான், பந்து பறந்துவிட்டது. அரை விநாடி அசையாமல் பிடித்தால்தான் கணக்கு என்று மாற்றியிருக்கிறோம்.