படத்தின் பின்பக்கம்

நாளிதழ் ஒன்றின் புகைப்படக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். பழைய அச்சுப் படங்களின் பின்பக்கத்தில் தேதி, இடம், எடுத்தவர் பெயர் எல்லாம் பென்சிலிலோ ரப்பர் முத்திரையிலோ இருக்கும். எங்கள் தொழிலுக்கு முன்பக்கத்தைவிட அதுதான் முக்கியம். சமூக ஊடகத்தில் பரவுவதோ முன்பக்கம் மட்டுமே. டிஜிட்டல் கோப்புக்குள் பதிந்திருக்கும் தேதியையும் கேமரா விவரத்தையும்கூடப் பல தளங்கள் பதிவேற்றும்போதே நீக்கிவிடுகின்றன.

சரிபார்க்கச் சொல்லி எங்களிடம் வருபவற்றில் ஒட்டுவேலை குறைவு. பெரும்பாலும் படம் நிஜமானது, குறிப்புதான் பொய். மியான்மர் ராணுவம் 2018இல் வெளியிட்ட நூலை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். 1971இல் டாக்காவில் எடுத்த படத்தை, அந்நாட்டின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிஞ்சாக்கள் பௌத்தர்களைக் கொன்றதற்குச் சான்றாக அதில் அச்சிட்டிருந்தார்கள். 1996இல் தான்சானியாவில் நடந்துபோன ருவாண்டா அகதிகளின் வண்ணப் படம், வங்காளிகள் (ரோஹிஞ்சாக்களை ராணுவம் அப்படித்தான் அழைக்கும்) மியான்மருக்குள் நுழையும் பழங்காலக் காட்சியாகக் கறுப்பு வெள்ளையில் வந்தது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை அம்பலப்படுத்தியது. நிறத்தை நீக்கியவர் யாரோ, வாசகர் மனத்தை நன்றாக அறிந்தவர். கறுப்பு வெள்ளை என்றால் பழையது, பழையது என்றால் உண்மை என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்த நூலுக்கு ஓர் அச்சகம் தேவைப்பட்டது. இதே வேலைக்குக் கைப்பேசியே போதும்.

நினைவு நாள்கள் நெருங்கினால் எங்களுக்கு வேலை கூடும். ஒரு தரப்பின் துக்க நாள் இன்னொரு தரப்பின் வெற்றி நாளாக இருக்கும். ஒரே படத்தை இருவரும் கேட்பார்கள், இரண்டு குறிப்புகளோடு. நாங்கள் வெளியிடும் மறுப்பைப் படிப்பவர்கள் பெரும்பாலும் முன்பே சந்தேகப்பட்டவர்கள்தான்.

பொய்யைவிட என்னை உறுத்துவது அழிப்பு. 2017இல் யூடியூப் தீவிரவாதப் பிரசாரத்தைக் கண்டறியத் தானியங்கி முறையைப் புகுத்தியபோது, சிரியப் போரைப் பதிவு செய்த ஆயிரக்கணக்கான வீடியோக்கள் அகற்றப்பட்டன. சில பிறகு மீட்கப்பட்டன. காப்பகத்தில் ஒரு படம் தொலைந்தால் பதிவேட்டில் அதன் எண்ணாவது மிஞ்சும். தேட ஆள் இருக்கும். தளத்தில் அகற்றப்பட்டதை முன்பு பார்த்திராதவருக்கு, அது இருந்ததே தெரியாது.

இப்போது இணையத்துக்குக் கொடுக்கும் படங்களில் தேதியையும் இடத்தையும் ஓரத்தில் வைப்பதில்லை, படத்தின் மேலேயே பதிக்கிறோம். அழகு கெடுகிறது என்று வடிவமைப்பாளர்கள் முணுமுணுக்கிறார்கள். அதையும் வெட்டிப் பகிர்பவர்கள் உண்டு. ஆனால் வெட்டியவர் இனித் தெரியாமல் செய்துவிட்டதாகச் சொல்ல முடியாது.